அஞ்சு நாள் என்று பேர் வைத்தவள்

பெரம்பலூரிலிருந்து அரியலூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு நான் பதினோரு வருடம் பஸ்ஸில் போய் வந்தேன். அறிவியல் டீச்சர். உட்கார இடம் கிடைத்தால் மடியில் ஒரு நீள நோட்டை விரித்துக்கொள்வேன். கூட வரும் டீச்சர்கள் பேப்பர் திருத்துவார்கள், பூக்கட்டுவார்கள், வாயைப் பிளந்துகொண்டு தூங்குவார்கள். நான் செயற்கைக்கோள்களைப் பற்றி எழுதிக்கொண்டிருப்பேன். "யாருக்கு டீச்சர் ஜாதகம் எழுதுறீங்க?" என்று கண்டக்டர் ஒருநாள் கேலி செய்தார். அந்தப் பேர் எனக்குப் பிடித்துப்போய் நானும் அதை ஜாதக நோட்டு என்றே சொல்ல ஆரம்பித்தேன்.

நோட்டில் ஆறு கட்டம். பெயர், ஏவிய நாள், எந்த ராக்கெட், எவ்வளவு உயரத்தில் சுற்றியது, வேலை நின்ற நாள், கீழே இறங்கி எரிந்துபோன நாள். முதல் நாலு கட்டம் எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். எனக்குப் பித்து கடைசி இரண்டில்தான். ஆரியபட்டா எழுபத்தைந்து ஏப்ரலில் ரஷ்ய ராக்கெட்டில் போனது, தொண்ணூற்றிரண்டு பிப்ரவரியில்தான் விழுந்தது. பூமியைப் படம் பிடிக்கப் போன பாஸ்கராவின் இரண்டு கேமராவும் அங்கே போனதும் வேலை செய்யவில்லை, ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து ஒன்றுதான் கண் திறந்தது. எண்பத்தொன்றில் போன ரோகிணி, பாவம், நினைத்த உயரத்துக்கே போய்ச் சேரவில்லை, ஒன்பதே நாளில் விழுந்துவிட்டது. ரோகிணிக்காக நான் பஸ்ஸில் உட்கார்ந்து கண் கலங்கியிருக்கிறேன். அந்த இரக்கத்தில் கால்வாசி மனுஷர் மேல் எனக்கு இருந்திருந்தால் இதை எழுத வேண்டி வந்திருக்காது.

எனக்கு வாய் அதிகம். தப்பாக யாராவது ஏதாவது சொன்னால் திருத்தாமல் இருக்க முடியாது. கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது பக்கத்து இலைக்காரர் நிலா தானாக ஒளி விடுகிறது என்று பேசினால், சாம்பாரை விட்டுவிட்டு அவரோடு மல்லுக்கு நிற்பேன். என் வீட்டுக்காரர் இதற்காகவே என்னோடு விசேஷங்களுக்கு வர யோசிப்பார்.

கொரோனாவுக்கு முந்தின வருடம் எங்கள் பள்ளியில் அறிவியல் நாள் விழா. சுற்றுவட்டாரப் பள்ளிகளைக் கூப்பிட்டு வினாடி வினா வைத்திருந்தோம். கேள்விகள் முழுக்க நான் தயாரித்தது, கேட்பதும் நானே. சிறப்பு விருந்தினர்தான் அமையவில்லை. அப்போது என் ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண், கீழப்பழுவூரிலிருந்து வருபவள், கையைத் தூக்கினாள். "எங்க தெருவுல ஒரு தாத்தா இருக்காரு டீச்சர். ஆரியபட்டாகிட்டருந்து வந்த சிக்னலை எல்லாம் பதிஞ்சவராம். எல்லாரும் ராக்கெட்டுக்காரர்னுதான் கூப்பிடுவாங்க."

சந்தேகத்தோடுதான் போய்ப் பார்த்தேன். பொய் இல்லை. ஐ.டி.ஐ. படித்துவிட்டு, ஆந்திரக் கடலோரம் இருந்த தரைநிலையத்தில் டெக்னீஷியனாக இருந்திருக்கிறார். செயற்கைக்கோள் தலைக்கு மேல் கடக்கிற அந்தச் சில நிமிடம் சிக்னல் காகிதச் சுருளில் கோடு கோடாகப் பதியும். சுருள் சிக்காமல் பார்த்துக்கொள்வதும் நேரம் குறிப்பதும் அவர் வேலை. அப்பா இறந்தபின் நிலத்தைப் பார்க்க ஆளில்லாமல் வேலையை விட்டு வந்தவர், நாற்பது வருடமாகப் பருத்தியும் மக்காச்சோளமும் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு போட்டோ கிடையாது, ஒரு துண்டுத்தாள் கிடையாது. "அதையெல்லாம் வெளிய எடுத்துட்டு வரக் கூடாது டீச்சர்" என்றார், இன்றைக்கும் யாரோ சோதனை போட வருகிற மாதிரி. ஊரில் அவர் ராக்கெட்டுக்காரர் என்பதற்கு அவர் வாய்ச்சொல் மட்டும்தான் ஆதாரம். ஊரும் அதை நம்பி மரியாதை கொடுத்திருந்தது. டீக்கடை பெஞ்சில் அவருக்கென்று ஓர் இடம் இருந்தது.

விழாவுக்கு வெள்ளை வேட்டி, இஸ்திரி போட்ட சட்டை, நெற்றியில் திருநீறோடு வந்தார். மனைவியையும் கூட்டி வந்திருந்தார். தெருக்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் ஒரு வேன் பிடித்து வந்துவிட்டார்கள். மைக்கைப் பிடித்து நன்றாகவே பேசினார். "எல்லாரும் ஆரியபட்டா அஞ்சு நாள்ல செத்துப்போச்சுன்னு சொல்லுவாங்க பிள்ளைங்களா. அதுல இருந்த ஆராய்ச்சிக் கருவிங்களுக்குப் போற கரண்டுதான் அஞ்சாம் நாளு போச்சு. சாட்டிலைட்டு சாகல. எண்பத்தொண்ணு மார்ச் வரைக்கும் உசிரோட இருந்துச்சு. நானே என் கையால சுருள் மாத்தியிருக்கேன்." பிள்ளைகள் கை தட்டினார்கள். நானும் தட்டினேன், மனசில் வாங்காமல். மேடைக்குப் பின்னால் பரிசுக் கோப்பையை எவனோ கீழே போட்டு நசுக்கியிருந்தான், அந்தக் கோபத்தில் இருந்தேன்.

வினாடி வினா கடைசிச் சுற்று. எங்கள் பள்ளியும் இன்னொரு பள்ளியும் சமம். எங்கள் அணியில் அந்தக் கீழப்பழுவூர்ப் பெண். கேள்வி அவளுக்கு: "ஆரியபட்டா எத்தனை நாள் செயல்பட்டது?"

"ஏறக்குறைய ஆறு வருஷம் டீச்சர்" என்றாள், முகமெல்லாம் சிரிப்பாக.

"தவறு" என்றேன். "சரியான விடை, ஐந்து நாட்கள்."

அவள் உட்காரவில்லை. "டீச்சர், ஐயா இப்பதானே சொன்னாரு?"

எல்லாத் தலையும் முன்வரிசையில் இருந்த அவர் பக்கம் திரும்பியது. எனக்குச் சுர்ரென்று ஏறியது. இதை ஒத்துக்கொண்டால், சொந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு விட்டுக்கொடுத்துவிட்டாள் என்று எதிரணிப் பள்ளி ஆசிரியர்கள் நாளைக்கே பேசுவார்கள். போதாக்குறைக்கு என் கேள்வியை என் மேடையிலேயே ஒரு பிள்ளை எதிர்த்து நிற்கிறது. மைக் கையில் இருந்தது. சொன்னேன்: "ஐயாவுக்கு வயசாயிடுச்சும்மா. ஞாபகம் முன்னப் பின்ன இருக்கும். நம்ம புத்தகத்துல உள்ளதைத்தான் பாக்கணும்."

சிரித்தார்கள். பிள்ளைகள் மட்டும் இல்லை, வேனில் வந்தவர்களும் சிரித்தார்கள். பின்னாலிருந்து ஒருவன், "அப்ப அஞ்சு நாளுதானா?" என்று கத்தினான். அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு.

அவர் எழுந்து நின்றார். கோபமாகக்கூட இல்லை. "மோட்டார் லைன் போயிடுச்சுன்னா வூடே இருட்டாயிடுமா டீச்சர்?" என்று கேட்டார். மைக் இல்லாததால் முன்வரிசைக்கு மட்டும்தான் அது கேட்டது. எனக்கும் கேட்டது. "நேரமாச்சு ஐயா, உக்காருங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன். கோப்பை அந்தப் பள்ளிக்குப் போனது. நேர்மையான டீச்சர் என்று அவர்கள் தலைமையாசிரியர் என்னை வாழ்த்தினார். நான் பூரித்துப் போனேன் என்பதையும் எழுதிவிட வேண்டும்.

அன்று சாயங்காலமே எனக்குத் தெரிந்துவிட்டது. அதுதான் என்னை இன்றைக்கும் அரிக்கிறது. திரும்பி வரும் பஸ்ஸில் சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்தபோது, நான் சொன்னது சரிதான் என்று இன்னொரு தரம் பார்த்துச் சந்தோஷப்படுவதற்காகத்தான் நோட்டைத் திறந்தேன். ஆரியபட்டா, ஐந்தாவது கட்டம். பேனாவில் 'ஐந்து நாள்' என்று இருந்தது. அதற்குக் கீழே ரப்பரால் அழித்த தடம். வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தேன். என் கையெழுத்துத்தான். 'கருவிகள் மட்டும். கோள் மார்ச் 81 வரை?'

பல வருடத்துக்கு முன்னால் எங்கேயோ படித்துப் பென்சிலில் குறித்திருக்கிறேன். பிறகு பிள்ளைகளுக்கு ஒரு மார்க் கேள்வி தயாரித்தபோது, ஒரு மார்க்குக்கு இரண்டு விடை இருந்தால் குழப்பம் என்று நானே அழித்திருக்கிறேன். இருபது வருடமாக டீச்சராக இருப்பவளுக்குப் பழகிப்போன வேலை அது. எதுவானாலும் ஒரு வரியில் அடங்க வேண்டும், அடங்காததை அழித்துவிட வேண்டும். அழித்ததை மறந்தும் போயிருக்கிறேன். அவர் கையால் சுருள் மாற்றியதை நான் ரப்பரால் துடைத்துவிட்டு, அவருக்கு ஞாபகம் முன்னப் பின்ன என்று மைக்கில் சொல்லியிருக்கிறேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மறுநாள் காலையே பிரேயரில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால் கோப்பையைத் திரும்பக் கேட்க வேண்டும், அந்தப் பள்ளியோடு தகராறு, தலைமையாசிரியரிடம் விளக்கம். ஒரு வாரம் போகட்டும் என்று நினைத்தேன். அந்த வாரத்தில் அந்தப் பெண் வகுப்பில் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. வாரக் கடைசியில் நானே கூப்பிட்டு, "தாத்தா எப்படி இருக்காரு?" என்றேன்.

"இப்ப அவரை யாரும் ராக்கெட்டுக்காரர்னு கூப்பிடுறதில்ல டீச்சர். அஞ்சு நாள்னு கூப்பிடுறாங்க" என்றாள். "டீக்கடைக்கு வர்றதை நிறுத்திட்டாரு."

எனக்கு யார் மேல் கோபம் வந்தது தெரியுமா? ஊர்க்காரர்கள் மேல். என்ன ஜனங்களோ, ஒரு பெரிய மனுஷனை இப்படியா கேலி செய்வது என்று ஸ்டாஃப் ரூமில் பொரிந்து தள்ளினேன். மற்ற டீச்சர்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். பேர் வைத்தவளே நான்தான் என்று அவர்களில் ஒருத்தியும் சொல்லவில்லை, எனக்கும் அப்போது அப்படித் தோன்றவில்லை. சே, எப்படித்தான் எனக்கு அப்படிப் பேச வாய் வந்ததோ.

அப்புறம் கொரோனா வந்தது. பள்ளிக்கூடம் மூடியது எனக்கு வசதியாகப் போனது. திறந்த பிறகு பெரம்பலூர்ப் பக்கம், குரும்பலூர் போகிற வழியில் ஒரு பள்ளிக்கு மாற்றல் கிடைத்தது. அரியலூர் பஸ்ஸில் ஏறவே வேண்டாம் என்று உள்ளுக்குள் ஒரு நிம்மதி. ஆனால் நோட்டைத் திறக்க முடியவில்லை. திறந்தால் அந்தக் கட்டம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பொறுக்க முடியாமல் பழமும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு கீழப்பழுவூர் போனேன். அவர் வாசலில் பருத்தியைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். ஆள் இளைத்திருந்தார். காது மந்தமாகிவிட்டது போலிருக்கிறது, நான் இரண்டு தரம் கூப்பிட்ட பிறகுதான் திரும்பினார். பார்த்ததும், "அட, டீச்சரா! வாங்க வாங்க, வெயில்ல நிக்காதீங்க" என்றார். அந்த "வாங்க வாங்க"வுக்கு நான் தயாராக வரவில்லை. திட்டுவார் என்று நினைத்து வந்திருந்தேன்.

நோட்டைத் திறந்து அழித்த தடத்தைக் காட்டினேன். "நீங்க சொன்னதுதான் ஐயா சரி. எனக்கு அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு" என்றேன். அவர் நோட்டை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். அப்புறம் வீட்டுக்குள் பார்த்துச் சத்தம் போட்டார். "ஏ இந்தா, இங்க வா! டீச்சர் என்ன சொல்றாங்கன்னு வந்து கேளு!" அப்படி ஒரு சந்தோஷத்தை நான் எந்தப் பிள்ளை முகத்திலும் பார்த்ததில்லை.

மனைவி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்ததும் முகம் இறுகிவிட்டது. நான் சொன்னதையெல்லாம் மறுபடி அவரிடம் சொல்ல வேண்டியிருந்தது. முழுக்கக் கேட்டார்.

"இதை எதுக்கு டீச்சர் இங்க வந்து சொல்றீங்க?" என்றார். "எனக்குத் தெரியாதா? அங்க கொசுக்கடியில இவரோட குடும்பம் நடத்துனவ நான். ஊருக்கு முன்னாடி மைக்ல சொன்னீங்கல்ல? ஊருக்கு முன்னாடி மைக்லயே சொல்லுங்க. அஞ்சு நாளு அஞ்சு நாளுன்னு சின்னப் பயலுவ கூப்பிடுறானுவ. இந்த மனுஷன் ஏன்டான்னு கேக்காம திரும்பிப் பாக்குறாரு."

"விடு புள்ள, வூட்டுக்கு வந்தவங்ககிட்ட" என்றார் அவர்.

"நான் எதை விடுறது?" என்றார் அந்த அம்மா.

"சொல்றேம்மா. கட்டாயம் மைக்ல சொல்றேன்" என்றேன். காபி கொடுத்தார்கள், குடித்தேன். சூடாக இருந்தது, நாக்கு வெந்தது, மிச்சம் வைக்காமல் குடித்தேன்.

அந்த வருட அறிவியல் நாளுக்குப் பழைய பள்ளியில் என்னைக் கூப்பிட்டார்கள். தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே விஷயத்தைச் சொன்னேன். "முடிஞ்சுபோன கதை டீச்சர், கிளறாதீங்க" என்றார். அவர் அப்படிச் சொல்ல மாட்டாரா என்றுதான் நானும் காத்திருந்தேன். அடுத்த வருடம் உடம்பு சரியில்லை என்று போகவே இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை.

போன தை மாதம் போன் வந்தது. அந்தப் பெண்தான், இப்போது திருச்சியில் காலேஜ் படிக்கிறாள். "தாத்தாவுக்கு எண்பதாம் கல்யாணம் டீச்சர், அரியலூர் மண்டபத்துல. பாட்டிதான் உங்களைக் கண்டிப்பா வரச் சொன்னாங்க. மைக் இருக்கும்னு சொல்லச் சொன்னாங்க." அந்தக் கடைசி வாக்கியம் ஏன் என்று அவளுக்குப் புரியவில்லை, எனக்குப் புரிந்தது.

மண்டப வாசலில் ஒரு பெரிய ஃப்ளெக்ஸ். கம்ப்யூட்டரில் போட்ட செயற்கைக்கோள் படம், நடுவில் மாலையோடு அவரும் மனைவியும். மேலே பெரிய எழுத்தில் 'எங்கள் அஞ்சு நாள் தாத்தாவுக்கு எண்பதாம் கல்யாணம்'. கீழே தெருப் பையன்கள் பதினைந்து பேரின் சின்னச் சின்ன முகங்கள். அந்தப் பையன்களுக்கு அது கேலி என்றே தெரியாது. அவர்களுக்கு விவரம் தெரிந்ததிலிருந்து அவர் அஞ்சு நாள் தாத்தாதான். பாசமாகத்தான் அடித்திருக்கிறார்கள். அதைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டு வாசலை மறித்து நின்றேன். பின்னால் வந்தவர்கள், "உள்ள போங்கம்மா" என்று தள்ளினார்கள்.

சடங்கு முடிந்ததும் என்னை வாழ்த்திப் பேசக் கூப்பிட்டார்கள். மண்டபம் நிறைந்திருந்தது, அன்றைக்கு வேனில் வந்தவர்களும் இருந்தார்கள். பஸ்ஸில் வரும்போதே மனப்பாடம் செய்திருந்தேன், மூன்றே வரி. "ஐயாவைப் பற்றி ஒரு விஷயம்..." என்று ஆரம்பித்தேன். பின்வரிசையில் அந்தப் பையன்கள், "அஞ்சு நாள் தாத்தா!" என்று கத்தி விசில் அடித்தார்கள். மண்டபம் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். சிரித்த பிறகு அதை எப்படிச் சொல்வது? நல்ல உழைப்பாளி, நல்ல மனிதர், நூறாண்டு வாழ வேண்டும் என்று எதையோ பூசி மெழுகிவிட்டு இறங்கிவிட்டேன். மணையில் உட்கார்ந்திருந்த அந்த அம்மா பட்டுப்புடவையும் மாலையுமாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பந்தி போட்டாச்சு என்று யாரோ கூவினார்கள். கூட்டம் மடமடவென்று சாப்பாட்டு ஹாலுக்குப் போனது. மைக்செட்காரனும் போய்விட்டான். மேடையில் அவர்கள் இரண்டு பேர், கீழே நான். மைக் மட்டும் அணைக்காமல் கொர்ரென்று இரைந்துகொண்டிருந்தது.

நான் மேடை ஏறினேன். நினைத்துப் பார்த்துச் செய்ததுதான் இது, தற்செயல் இல்லை. இப்போது சொன்னால் மைக்கில் சொன்னதாகவும் ஆகிவிடும், யாரும் சிரிக்கவும் மாட்டார்கள். மைக்கைப் பிடித்து முழுசாகச் சொன்னேன். ஆரியபட்டா ஐந்து நாளில் நின்றுவிடவில்லை, கருவிகளுக்கான மின்சாரம்தான் நின்றது, கோள் எண்பத்தொன்று மார்ச் வரை உயிரோடு இருந்தது, ஐயா சொன்னதே சரி, நான் சொன்னது தப்பு, தெரிந்தும் இத்தனை வருடம் சொல்லாமல் இருந்தேன், மன்னிக்க வேண்டும். நான் பேசியது ஸ்பீக்கரில் எனக்கே திரும்பிக் கேட்டது.

அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். மேளச் சத்தத்துக்காகக் காது மெஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்திருந்திருக்கிறார். மனைவி பக்கம் சாய்ந்து, "டீச்சர் என்ன சொல்றாங்க?" என்றார்.

அந்த அம்மா அவர் காதருகே குனிந்தார். "நீங்க சொன்னதுதான் சரியாம்."

"அது தெரிஞ்சதுதானே" என்றார் அவர். கண்ணைச் சுருக்கிக்கொண்டு மண்டபத்தைப் பார்த்தார். "யாருகிட்ட சொன்னாங்க?"

அவருக்குக் கேட்க வேண்டுமே என்று அந்த அம்மா சத்தமாகச் சொன்னார். பக்கத்தில் மைக் திறந்தே இருந்ததால் அது வாசல் ஃப்ளெக்ஸ் வரைக்கும் கேட்டிருக்கும்.

"காலி சேருங்ககிட்ட."